டிஷ் வாங்கும் முன் ரசீதைக் கேளுங்கள்

கொல்லிமலையிலோ ஜவ்வாது மலையிலோ உள்ள ஒரு சிற்றூரை நினைத்துக்கொள்ளுங்கள். கேபிள்காரரின் ஒயர் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. செல்போனில் இரண்டு கோடு சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏற வேண்டும். கல்லூரி விண்ணப்பம் போடும் பெண்ணுக்கும், மிளகு விலை பார்க்கும் அப்பாவுக்கும், பேரன் முகத்தை வீடியோவில் பார்க்கத் துடிக்கும் பாட்டிக்கும் அந்தப் பாறைதான் இன்டர்நெட் சென்டர்.

அந்த வீட்டுக்கு ஒரு நாள் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: ‘செயற்கைக்கோள் இன்டர்நெட்! முதல் நூறு பேருக்கு மட்டும் சலுகை. ரூ.1,999 கட்டி இன்றே முன்பதிவு செய்யுங்கள்.’ கீழே ஒரு க்யூஆர் கோடு. பல நாள் ஏங்கியிருந்தவர்களுக்கு யோசிக்கத் தோன்றுமா? கை தானாக ஸ்கேன் செய்யப் போகும். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி வைப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இது டி.டி.எச். போன்றதல்ல

மொட்டை மாடியில் இருக்கும் டி.டி.எச். டிஷ் வானத்திலிருந்து சிக்னலை வாங்க மட்டுமே செய்யும். செயற்கைக்கோள் இணையத்துக்கான டிஷ் வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். பழைய முறையில் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போய்ப் பதில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். வீடியோவில் பேசினால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழும். ஸ்டார்லிங்க் என்ற புதிய நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் இந்தத் தாமதம் பெரும்பாலும் உறைப்பதில்லை.

அலை அனுப்பும் கருவி என்பதால்தான் சட்டம் குறுக்கே வருகிறது. சேவை தரும் நிறுவனத்துக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். அலைக்கற்றை ஒதுக்கீடு வேண்டும். பாதுகாப்புச் சோதனைகளில் தேற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகே வீட்டு வாசலில் விற்பனை.

உரிமம் வேறு, விற்பனை வேறு

இதில் ஏற்கெனவே ஒரு பாடம் நடந்திருக்கிறது. 2021-இல் ஸ்டார்லிங்க் இந்தியாவில் 99 டாலர் வாங்கிக்கொண்டு முன்பதிவு செய்தது. அப்போது அதற்கு இங்கே உரிமம் கிடையாது. அந்த ஆண்டு நவம்பரில், இந்தச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று தொலைத்தொடர்புத் துறையே பொதுமக்களை எச்சரித்தது. பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவு போனது. 2022 தொடக்கத்தில் நிறுவனம் அதற்கு இணங்கியது. பெயருள்ள நிறுவனமாக இருந்ததால் கட்டியவர்களுக்குத் திரும்பக் கேட்க ஓர் இடம் இருந்தது. வாட்ஸ்அப் ஏஜென்ட்டிடம் கட்டியவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

ஒன்வெப், ஜியோவின் செயற்கைக்கோள் நிறுவனம் ஆகியவற்றுக்குப் பிறகு, ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. ஆனால் 2025 முடியும்வரை அந்த நிறுவனம் இங்கே வீட்டு இணைப்பு விற்கத் தொடங்கவில்லை. அந்த டிசம்பரில் அதன் இந்தியத் தளத்தில் மாதம் ரூ.8,600, கருவிக்கு ரூ.34,000 என்ற விலை தென்பட்டது. அது தவறுதலாக வெளியான சோதனைத் தகவல், விலை இன்னும் அறிவிக்கப்படவில்லை என்று நிறுவனம் விளக்கியது. அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, ‘அதில் பாதிக்கு முடித்துத் தருகிறோம்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எந்த நிறுவனமானாலும் அதன் சொந்தத் தளத்துக்கு நீங்களே போய், உங்கள் ஊருக்குச் சேவை தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். பணம் கேட்கும் யுபிஐ கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் கட்டாதீர்கள். இணைப்புக்கு அடையாளச் சான்று கேட்பது முறையானதுதான். ஆனால் ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதும், போனில் ஓடிபி கேட்பதும் முறையல்ல.

‘மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறார்’

இலங்கையில் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் சேவை தொடங்கிவிட்டது. அங்கிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ ஒரு கருவியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். டிஷ் எந்த இடத்திலிருந்து இயங்குகிறது என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அனுமதி இல்லாத நாட்டில் இணைப்பு கிடைக்காது. சுங்கத்தில் கருவி பறிபோகலாம். அதைவிடப் பெரியது வழக்கு. உரிமமில்லாத வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2024 டிசம்பரில் மணிப்பூரில் ஆயுதங்களோடு இப்படியொரு டிஷ்ஷும் பிடிபட்டது. அப்படிப்பட்ட பட்டியலில் நம் வீட்டு முகவரி சேர வேண்டுமா?

வீட்டுக்கு ஒத்துவருமா?

முறையான சேவையே வந்தாலும் நான்கு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது, வானம். தென்னையும் பலாவும் சூழ்ந்த வீட்டில் மரக்கிளை மறைக்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுபடும். இரண்டாவது, மழை. ஐப்பசியில் கொட்டும்போது சிக்னல் மங்கும். இடி விழும் மலையில் எர்த் போடாமல் டிஷ் வைப்பது வீட்டுக்கே ஆபத்து.

மூன்றாவது, கரண்ட். சாதாரண டிஷ் ஏறத்தாழ 75 முதல் 100 வாட் இழுக்கும். 75 வாட் என்றே வைத்துக்கொண்டாலும், இரவு பகலாக இரண்டு மாதம் ஓடினால் 108 யூனிட். 2025-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்ததே 100 யூனிட்தான். அந்த அளவு முழுவதையும் டிஷ் ஒன்றே தின்றுவிடும். தூங்கப் போகும்போது அணைத்து வைத்தால் கொஞ்சம் மிஞ்சும்.

நான்காவது, மாற்று வழி. அரசின் பாரத்நெட் கேபிள் உங்கள் ஊராட்சி அலுவலகம்வரை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். 5ஜி டவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் ஒயரில்லாத ஏர்ஃபைபர் வகை இணைப்பு செயற்கைக்கோளைவிட மலிவு. எதுவுமே எட்டாத வீட்டுக்குத்தான் செயற்கைக்கோள்.

உங்கள் கையில் இருக்கும் உரிமை

உரிமம் பெற்ற நிறுவனம் இந்தியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அதன் பெயரில் ரசீதும் வாடிக்கையாளர் எண்ணும் கேட்டு வாங்குங்கள். பழுது, தவறான பில், டெபாசிட் திரும்பாதது என எதுவானாலும் முதலில் அதன் புகார் மையத்தில் சொல்லி டாக்கெட் (புகார்) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறை தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பலரும் முதலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’க்கு எழுதுகிறார்கள். டிராய் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பதில்லை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளுக்கு அங்கே இடமில்லை என்று 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் தப்பித்து வந்தன. போகலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்த பணம் ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனத்தின் தலைமை எங்கே இருந்தாலும், கொல்லிமலைக்காரர் நாமக்கல்லுக்குப் போனால் போதும்.

பணம் போய்விட்டதா?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. வங்கிக்கும் அப்போதே சொல்லுங்கள். நாமே அனுப்பிய பணத்துக்கு வங்கி பொதுவாகப் பொறுப்பேற்காது என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். செய்தி, க்யூஆர் கோடு, பணம் போன விவரம் எதையும் அழிக்க வேண்டாம். பணம் போகாமல் மோசடிச் செய்தி மட்டும் வந்திருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் தெரிவிக்கலாம். முறையான நிறுவனத்தின் சேவைக் குறைக்கு நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

நுகர்வோர் ஆணையத்திலும் காவல் நிலையத்திலும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது காகிதத்தைத்தான். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரில் ரசீது தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 1930, 1915 இரண்டு எண்களையும் இன்றே வீட்டுக் காலண்டர் அட்டையில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சொல்லுங்கள்.