சயாம் நாட்டில் நம் குடும்பங்கள்

தாய்லாந்தில் குடியேறும் நம்மவர்க்கு மொழியும் உணவும் நாளடைவில் பழகிவிடுகின்றன. குடியேற்ற அலுவலகத்தின் கெடுக்கள்தாம் பழகுவதில்லை. ஓராண்டு தங்க அனுமதி பெற்றவரும் 90 நாட்களுக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தை அறிவித்தல் வேண்டும். கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அறிவிக்கலாம்; தவறினால் 2,000 பாட் அபராதம். இவ்வறிவிப்பால் தங்கும் அனுமதி நீடிக்காது. அதற்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. ஊரிலிருந்து துயரச் செய்தி வந்ததும் பதறிப் புறப்படுவோர், திரும்பி வருவதற்கான அனுமதியைப் பெறாது வெளியேறினால், எஞ்சிய தங்கும் அனுமதி முழுவதும் அற்றுப்போகும். ஒருமுறை சென்று திரும்ப அதன் கட்டணம் 1,000 பாட்; பன்முறைக்கு 3,800 பாட். துயரம் நாள் குறித்து வருவதில்லை. ஆதலின் ஆண்டு அனுமதியை நீட்டிக்கும்போதே இதனையும் பெற்று வைக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.