கடல் இல்லாத ஊரில் எக்கோ சவுண்டர்!

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. துறைமுகமும் கலங்கரை விளக்கமும் கிடையாது. ஆனால் விடிகாலையில் கம்பத்து டீக்கடை ஒன்றில் போய் நின்று பாருங்கள். "அண்ணே, இன்னைக்கு எத்தனை அடி?" என்று யாராவது கேட்பார். எதன் அடி என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. பெரியாறு அணையின் நீர்மட்டம், வைகை அணையின் நீர்மட்டம் இரண்டும் தசமப் புள்ளியோடு வந்து விழும். பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே போனால் தமிழகத்துக்கு வரும் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. 142 என்பது அதுவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் தீர்ப்பில் சொன்ன எண். வைகையில் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. 71-ல் அணை நிறைந்துவிடும். இப்படி ஊரே ஆழம் பார்த்துக்கொண்டிருக்கும்போது படகுக்கு எதற்குத் தனிக் கருவி?

சும்மா கேட்கவில்லை. கம்பத்திலிருந்து மலையேறி, குமுளியைத் தாண்டி, தேக்கடி படகுத்துறைக்குப் போனால் விஷயம் புரியும். 1895-ல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணை தண்ணீரைத் தேக்கியபோது பள்ளத்தாக்கில் நின்ற காடு நின்றபடியே மூழ்கியது. தண்ணீருக்கடியில் காற்று இல்லாததால் மரம் லேசில் மட்காது. அந்தக் கட்டைகள் இன்றும் ஏரி நடுவில் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீர்க்காகத்துக்கும் பாம்புத்தாராவுக்கும் அவை நிரந்தர இருக்கை, சுற்றுலாப் பயணிக்குப் புகைப்படம், படகோட்டுபவருக்குத் தலைவலி.

வெளியே தெரிகிற கட்டையால் தொந்தரவு இல்லை. நீர்மட்டம் நாலு அடி ஏறியதும் அது ஒளிந்துகொள்கிறதே, அங்கேதான் வேடிக்கை ஆரம்பம். ஆழம் அளக்கும் கருவியான எக்கோ சவுண்டர் படகின் அடியிலிருந்து ஒலியை நேராகக் கீழே அனுப்பும். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். 30 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுத் திரும்ப நொடியில் 25-ல் ஒரு பங்கு போதும். பிரமாதம்! ஆனால் பார்ப்பதெல்லாம் காலுக்கடியில். கட்டையோ மூக்குக்கு முன்னால். "கீழே 30 மீட்டர், கவலை வேண்டாம்" என்று திரை பச்சை விளக்குக் காட்டும் நேரத்தில் முன்பக்கம் டொக்கென்று இடிக்கலாம். முன்னோக்கிப் பார்க்கும் சோனாரும் உலகத்தில் உண்டு, அதன் விலைதான் ஆளை இடித்துவிடும். ஆகவே இந்த ஏரியில் ஓட்டுபவரின் ஞாபகமே பெரிய கருவி. இன்றைக்கு இத்தனை அடி என்றால் எந்த வளைவில் எந்தக் கட்டை தண்ணீருக்குள் இருக்கும் என்ற கணக்கு அவர் தலைக்குள் ஓடும். டீக்கடைக் கேள்வியை அவரும் காலையிலேயே கேட்டிருப்பார்.

அந்தப் படகுகளில் ஓயாமல் கேட்கும் குரல் "சார், உக்காருங்க சார்!" என்பதுதான். கரையில் ஒரு காட்டெருமை தெரிந்தால் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் எழுந்து ஓடப் பார்க்கும். சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திவைத்துச் சொல்ல வேண்டியது இது: 2009 செப்டம்பர் 30-ல் 'ஜலகன்யகா' படகு இங்கே கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டில் படகுக்காரர்கள் இவ்வளவு கறார் காட்டுவது அதனால்தான். செல்ஃபியில் குண்டாகத் தெரிந்தால் தெரியட்டும், மாட்டிக்கொள்ளுங்கள்.

அதே ஏரியில் நம் நீர்வளத்துறைக்கும் படகுகள் உண்டு. அணையைப் பராமரிப்பது தமிழகம், அணை இருப்பது கேரளத்தில், போகும் வழியோ தண்ணீர். பெயர்கள் 'கண்ணகி', 'ஜலரத்னா'. மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில், கீழே கண்ணகி படகு. பெயர் வைத்தவருக்கு ரசனை உண்டு. அணையை ஆய்வு செய்யக் குழு கிளம்பும் நாளில் தமிழக அதிகாரிகள் தமிழகப் படகிலும் கேரள அதிகாரிகள் கேரளப் படகிலும் ஏறுவார்கள். ஏரி ஒன்று, அணை ஒன்று, கசிவுநீர் அளவும் ஒன்று, படகு மட்டும் இரண்டு! ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கிய 'தமிழ் அன்னை' படகின் கதை இன்னும் சுவை. ஓட்ட அனுமதி வராமல் வருஷக்கணக்கில் கரையிலேயே கட்டிக்கிடந்தாள் அன்னை. எந்த ஜிபிஎஸ்ஸும் காட்ட முடியாத பாதை அது.

நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு அணையை ஆராய்ந்த காலத்தில், தண்ணீருக்கடியில் நீந்திப் படமெடுக்கும் ஆளில்லா இயந்திரம் ஒன்றும் இறங்கியது. கடலடி எண்ணெய்க் குழாய்களைப் பார்க்கிற வகையறா அது. பாவம், கடலைத் தேடி வந்து அணைச்சுவரின் சுண்ணாம்பும் சுர்க்கியும் பார்த்துவிட்டுப் போனது.

இனி கீழே இறங்கி வைகை அணைக்கு வாருங்கள். அணையின் நகைச்சுவை வரலாற்றை எழுத உட்கார்ந்தால் 2017 ஏப்ரலைத் தாண்ட முடியாது. நீர் ஆவியாவதைத் தடுக்க, ஒட்டுநாடா ஒட்டிய தெர்மாகோல் அட்டைகளை அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு தண்ணீரில் மிதக்கவிட்டார். சற்று நேரத்தில் காற்று அத்தனையையும் கரைக்கே திருப்பி அனுப்பிவிட்டது. மீம்ஸ் போட்டவர்கள் அமைச்சரைப் பார்த்தார்கள். நான் பார்த்தது காற்றை. ஆண்டிப்பட்டிப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டுவைத்திருப்பது அழகுக்கா? படகில் சாதாரணமாக மாட்டும் காற்றுமானி ஒன்றை அன்று கரையில் நட்டிருந்தால் விழாவே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

வைகையில் மீன் பிடிப்பது பரிசலில். பரிசலில் ஜிபிஎஸ் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே தலை சுற்றும். ஜிபிஎஸ்ஸுக்கு நாம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. நகர்வதை வைத்துத்தான் திசை சொல்லும். நின்றுவிட்டால் அம்பு நாலு பக்கமும் அலையும். பரிசலோ நகரும்போதே சுற்றும். சரி, திசைகாட்டி வைக்கலாமா? அது இன்னும் மோசம், நிமிஷத்துக்கு நாலு முறை வடக்கைத் தேடும். கடலுக்குப் போகும் ராமேஸ்வரம் விசைப்படகிலோ இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலைத் திறந்தால் கடலில் யாராவது பதில் சொல்வார்கள். இங்கே திறந்தால் மேகமலைதான் கேட்கும்.

அணைகளில் வண்டல் அளக்கும்போதுதான் இந்தக் கருவிகளுக்கு உண்மையான மரியாதை. எக்கோ சவுண்டரும் ஜிபிஎஸ்ஸும் பூட்டிய சிறு படகு ஒன்று நீரின் மேல் ஏர் உழுவதுபோல் கோடு கோடாகப் போய்வரும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேற்றின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும். 33 கிலோஹெர்ட்ஸ் சேற்றுக்குள் புகுந்து அடித்தரையைத் தொடும். ஒரே இடத்தில் இரண்டு தரை! இரண்டுக்கும் இடையில் இருப்பது மலையிலிருந்து நம் ஊர் மண் வந்து சேர்ந்த கணக்கு.

நடுவில் மீன் வந்தால் திரையில் ஒரு வளைவாகத் தெரியும். ஒலி பெரும்பாலும் பட்டுத் திரும்புவது மீனின் சதையில் அல்ல, வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையில். அதனால் உள்ளே மீன் இருப்பதைக் கருவி சொல்லிவிடும். அது கட்லாவா ஜிலேபியா என்று சொல்லாது. குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டால் வாயே திறக்காது. அதற்கு அணைக்கரை மீன் கடையில் உட்கார்ந்திருக்கும் அக்காவைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்பே செதில் உரிக்க ஆரம்பித்துவிடுவார்.