பதினைந்து வயதின் களைப்பு

உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் என்ன என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் கைபேசித் திரையிலிருந்துதான் கற்கிறார்கள். பளிச்சென்ற முகம், ஒட்டிய வயிறு, புடைத்த புஜம், புரோட்டீன் பவுடர் டப்பா. தஞ்சாவூரானாலும் மன்னார்குடியானாலும் இதில் வித்தியாசமில்லை. இவையெல்லாம் கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்படக்கூடியவை. காவிரிப் படுகையின் பிள்ளைகளில் பலரை வாட்டுவதோ அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. படியேறினால் மூச்சு வாங்கும், காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போது கண் இருட்டும், மதியத்துக்கு முன்பே பாடம் மண்டையில் ஏறாது. வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர். நாளடைவில் பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறது. ரத்தசோகையைத் தன் குணக்கேடாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான், உடல்நலம் பற்றி நம் வளரிளம் பிள்ளைகளுக்கு இருக்கும் புரிதலில் மிகப் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 31.1 சதவீதம். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் தமிழ்நாட்டிலும் இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதே நிலைதான். இந்த ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தால் கணக்கு மிகைப்படுகிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்த 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் அதிலும் 10–19 வயதுப் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 18 சதவீதம். வகுப்பில் பத்துப் பெண்கள் இருந்தால் நாலு பேர் என்பதே நமக்குக் கிடைக்கும் ஆறுதலான கணக்கு!

நெல் விளையும் பூமியில் ஏன் இப்படி? வயிறு நிறைவதும் ரத்தம் ஊறுவதும் வேறு வேறு என்பதுதான் காரணம். ரத்தம் ஊற வேண்டிய இரும்புச்சத்து, தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மாதவிடாயில் ரத்தம் இழந்துகொண்டே வளரும் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் அளவில் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. மூன்று வேளையும் சோறே பிரதானம், தொட்டுக்கொள்ள ஊறுகாய், சாப்பிட்ட கையோடு ஒரு டீ என்றால் கணக்கு எப்படி நேராகும்? டீயிலுள்ள டானின், உணவில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடலில் சரியாகச் சேரவிடாது. பாரம்பரிய நெல்லுக்குத் திரும்பினால் போதும் என்பவர்கள் உண்டு. கட்டிமேடு நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டுத் தந்ததற்கு டெல்டா என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆனால் தீட்டாத அரிசியிலும் இரும்பு சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதன் விலையோ ரேஷன் அரிசியை நம்பி உலை வைக்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அந்த ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய மணிகளைக் கலந்தபோது, தண்ணீரில் மிதக்கிறதே, பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகள் பல. அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்தவை அவை என்று யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரைக்கும் இதே கதிதான். 60 மில்லிகிராம் இரும்பு உள்ள அதை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுத்துப் போகும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும், கறுப்பதால் கெடுதல் இல்லை, ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும் என்பதைச் சொல்லாமல் கொடுத்தால் மாத்திரை ஜன்னல் வழியே போகத்தான் செய்யும்.

இந்தத் தலைமுறைக்கு மன அழுத்தம்தானே பெரிய பிரச்சினை, இரும்பைப் பிடித்துக்கொண்டு பேசலாமா என்று கேட்கலாம். நீட் பயமும் தேர்வுப் பயமும் பொய்யல்ல. அதற்கான கவனிப்பைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் இரும்பு குறைந்தால் கவனம் சிதறும், எரிச்சல் மிகும், சோர்வு கவியும். மனத்தை மட்டும் தேற்றிவிட்டு ரத்தத்தைப் பார்க்காமல் விடுவது பாதி வைத்தியம்தான். எத்தனை மார்க் என்று தெரிந்திருக்கிற பிள்ளைக்குத் தன் ஹீமோகுளோபின் எத்தனை என்றும் தெரிந்திருக்க வேண்டும். 15 வயதுப் பெண்ணுக்கு 12 கிராம், பையனுக்கு 13 கிராம் என்பதே எல்லைக்கோடு.

பிள்ளைகளுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, தட்டில் சத்தான சாப்பாடும் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டத்தை விரிவாக்கிய விழா நம் டெல்டாவின் திருக்குவளையில்தான் நடந்தது. அந்தத் திட்டம் தொடக்கப் பள்ளிக்கானது. மதிய உணவோ பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வெறும் வயிற்றோடு காலை பஸ்ஸைப் பிடித்து ஒரத்தநாட்டுக்கும் பாபநாசத்துக்கும் போகிற பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பசியும் ரத்தத் தேவையும் உச்சத்தில் இருக்கும் வயதினர். அவர்களுக்கும் மதிய உணவு வேண்டும் என்று கேட்க இன்னொரு ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.