நுண்கட்டளையும் அதன் குறியீடும்

திருகோணமலைத் துறைமுகத்தை அணுகும் சரக்குக் கப்பல் தனக்கு வழிகாட்டி வேண்டுமென்பதை ஒரே கொடியால் அறிவிக்கலாம். சர்வதேசச் சமிக்ஞைத் தொகுதியில் ‘ஜி’ என்னுங் கொடியின் பொருள் அதுவே. வழிகாட்டி ஏறியபின் ‘எச்’ கொடி உயரும். அவசரச் செய்திகளுக்கும் அடிக்கடி வேண்டப்படுவனவற்றுக்கும் ஒற்றைக் கொடி போதும். ஏனையவற்றுக்குக் கொடிகளின் சேர்க்கை வேண்டும். 26 எழுத்துக் கொடிகளை, ஒன்றே இருமுறை வாராவண்ணம், இவ்விரண்டாக அடுக்கின் 650 செய்திகள் பெறப்படும். கொடிகள் குறைகின்றன, ஆயின் பொருளறியச் சமிக்ஞை நூலைப் புரட்டவேண்டும். கணினியின் கட்டுப்பாட்டு அலகிலும் இதனையொத்த வரவும் செலவும் உண்டு.

கூட்டல் என்னும் ஒரு கட்டளையை நிறைவேற்றக் கணினி பல சிறு செயல்களை முறையாகச் செய்கின்றது: பதிவகத்திலுள்ள எண்ணைப் பொதுவழியில் விடுதல், கணித அலகை இயக்குதல், விடையைப் பதிதல் என்பன அவை. இச்செயல்களைத் தூண்டும் குறிகளைச் சிறு நினைவகமொன்றில் வரிவரியாக எழுதிவைக்கலாமென 1951இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் மோரிஸ் வில்க்ஸ் எடுத்துரைத்தார். அவ்வரி ஒவ்வொன்றும் ஒரு நுண்கட்டளை. 1958இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் 2 இம்முறையில் அமைந்தது.

ஒரு பொறியில் பொதுவழியில் எண்ணை விடும் பதிவகங்கள் 7, கணிதச் செயல்கள் 15, நினைவகச் செயல்கள் 3 எனக் கொள்வோம். செயலுக்கு ஒரு பிட் வீதம் வைப்பின் நுண்கட்டளையின் நீளம் 25 பிட். ஆனால் இரு பதிவகங்கள் ஒரே வேளையில் பொதுவழியில் எண்ணை விடுதல் ஆகாது; ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றே நிகழும், அன்றி ஒன்றும் நிகழாது. ‘ஒன்றுமில்லை’ என்பதையுஞ் சேர்த்தால் தெரிவுகள் முறையே 8, 16, 4. அவற்றைக் குறிக்க 3, 4, 2 ஆக 9 பிட் போதும். 256 வரிகளுக்கு 6400 பிட் தேவைப்பட்ட இடத்தில் 2304 பிட்டே வேண்டும். அன்றியும், இரு பதிவகங்களை மோதவிடும் பிழையான வரியை எழுதவே இயலாது.

எனினும் குறியை விரிக்கும் சுற்று இடையில் நிற்பதால் சிறு தாமதம் நேரும். 25 செயல்களையும் ஒரே தொகுதியாக்கின் 5 பிட்டே போதும். ஆயின் ஒருங்கே நிகழத்தக்கவை ஒருங்கே நிகழா. ஒரு படியில் முடியும் வேலை பல படிகளாக நீளும். ஆதலின் ஒருபோதும் சேர்ந்து நிகழாதவற்றை மட்டும் ஒரு தொகுதியில் வைப்பதே அறிவுடைமை.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 1994இல் பென்டியம் சில்லில் வகுத்தற் பிழை வெளிப்பட்டபோது சில்லையே மாற்றித் தரவேண்டியதாயிற்று. 1995இல் வந்த பென்டியம் புரோ முதலாக, சில்லு விற்கப்பட்ட பின்னரும் அதன் நுண்கட்டளைகள் சிலவற்றைத் திருத்த வழி பிறந்தது. எல்லாப் பிழையும் அவ்வாறு தீராது. தீர்வன பலவற்றுக்கு வில்க்ஸ் காட்டிய வழியே மூலமாகும்.