முதல் உத்தியோகம்: மரிச்சுக்கட்டியின் மூன்று குவியல்கள்

கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள ஊர்களில் இளவயதினரின் முதல் வேலை வயலிலேயே தொடங்கியதைச் சென்ற வாரப் பகுதி விளக்கியது. அருவியாற்று நீரின் ஒரு பகுதி தேக்கம் அணையில் மறிக்கப்பட்டு அக்குளத்தைச் சேர, எஞ்சியது அரிப்புக்கருகே கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என நீளும் கரை முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றது. முத்துப்பார், அதாவது சிப்பி படிந்து வளரும் கடலடித் திட்டு, வயலைப்போல ஆண்டுதோறும் பலன் தருவதன்று. சிப்பி முதிர்ந்ததை அரசு ஆய்ந்து அறிவித்த ஆண்டுகளில் மட்டும் ஆளரவமற்ற மணற்கரையில் கிடுகுக் கொட்டில்களாலான ஒரு நகரம் எழுந்தது. சில வாரங்களில் அது கலைந்தும்போனது.

1906இல் மரிச்சுக்கட்டியில் எழுந்த அத்தகைய நகரத்துக்கு அனுப்பப்பட்டவர்களுள் லெனார்ட் வூல்ஃப் ஒருவர். கேம்பிரிட்ஜில் கற்று, வோல்டயரின் 90 தொகுதிகளோடும் ஒரு நாயோடும் இலங்கை வந்து, 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பயிலுநராகச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது 25. வந்த கடிதத்துக்கு அன்றே பதில் போகவேண்டும் என்று கச்சேரி எழுதுவினைஞர்களை நெருக்கி அவர்களது வெறுப்பைத் தேடிக்கொண்டவர் என்பதும் அவரது நினைவுக்குறிப்பிலிருந்தே தெரியவருகிறது.

மரிச்சுக்கட்டியில் அவருக்குக் கிடைத்தது கொட்டு மேற்பார்வை. கொட்டு என்பது கரையில் வேலியடைத்து அமைத்த பெரும் முற்றம். படகுகள் கரைசேர்ந்ததும் குளிகாரர், அதாவது மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுப்போர், தம் சிப்பியை அங்கே சுமந்துவந்து மூன்று குவியல்களாகப் பிரித்துவைக்க, மேற்பார்வையாளர் அவற்றுள் இரண்டை அரசுக்கெனச் சுட்டுவார். எஞ்சிய ஒன்றே குளிகாரருக்குரியது. அரசின் பங்கு மாலையில் ஆயிரக்கணக்கில் ஏலம்போகும். பிரிப்பவர் குளிகாரர், தெரிந்தெடுப்பவர் அதிகாரி என்பதால், தமக்கு எது மிஞ்சும் என்றறியாத குளிகாரர் மூன்றையும் சமமாக வைப்பதே தமக்கு நன்மை என்று கண்டுகொள்வர். எண்ணிப்பார்க்க ஆளும் வேண்டாம், அடித்து மிரட்டக் காவலும் வேண்டாம். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் சூழ, தமிழர், சோனகர், அரேபியர் எனப் பல்லாயிரம் பேர் நெருங்கிய முகாமை விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள் ஒழுங்கில் வைத்திருந்ததற்கு, எல்லோர் கண்முன்னும் நடந்த இம்முறை துணைநின்றது எனலாம்.

அரேபியக் குளிகாரர் தம்மிடம் ஒடுங்கி நில்லாமல் சக மனிதரிடம் பேசுவதுபோலப் பேசியதை வூல்ஃப் வியந்து எழுதினார். தமிழரிடம் அந்த இயல்பைக் காணவில்லை என்றார். இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்பதற்கில்லை. பருவம் முடிந்ததும் பாரசீக வளைகுடாவுக்குப் பாயேற்றிப் போகிறவருக்கு ஆங்கில அதிகாரி சில வாரத்து ஆள்; வடமாகாணத்துத் தமிழருக்கோ அவரே வரி கேட்பவரும் வழக்குத் தீர்ப்பவரும் ஆவார். எனினும், பணிந்து நில்லாத மனிதர் எதிரே நிற்கையில் அதிகாரம் எவ்வளவு மெலிந்தது என்பதை அந்த இளைஞர் முதன்முதலாக உணர்ந்த இடங்களுள் கொட்டும் ஒன்று என்று கொள்ள இடமுண்டு.

அப்பாடம் உடனே மனத்தில் படிந்துவிடவில்லை. இலங்கையிலிருந்து நண்பர் லிட்டன் ஸ்ட்ராச்சிக்கு அவர் எழுதிய கடிதங்களில் சலிப்பும் கசப்புமே மிகுதி. 1921இல் அச்சான 'முத்துக்களும் பன்றிகளும்' என்ற சிறுகதையில், நாட்டை எப்படி ஆளவேண்டும் என்ற கொள்கைகளோடு வந்த ஓர் இளம் அதிகாரி முத்துக்குளிப்பு முகாமில் நிலைகுலைகிறான். அங்கே ஒரு வெள்ளையனின் சாவு அருவருப்பாகவும், ஓர் அரேபியக் குளிகாரனின் சாவு கண்ணியமாகவும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. 1961இல், எண்பது வயதில் வெளியிட்ட 'வளர்ச்சி' என்ற தன்வரலாற்றுப் பகுதியிலோ, தாம் அறியாமலே பேரரசின் ஆளாயிருந்ததை அவர் நிதானமாக ஒப்புகிறார். மூன்றுள் கதையே கொட்டுக்கு மிக அருகில் நிற்கிறது. கடிதம் அந்நாளின் எரிச்சலோடு நின்றுவிட, தன்வரலாற்றில் அரை நூற்றாண்டின் தெளிவு கலந்துவிட்டது.

குவியல்கள் சமமாயிருப்பதை உறுதிசெய்த அந்த முறை, மூன்றில் இரண்டு ஏன் அரசுக்குப் போகவேண்டும் என்ற வினாவை எழுப்பவே இல்லை. வூல்ஃப் 1912இல் பதவி துறந்தார். பேரரசின் இலாபம் யாரைச் சேர்கிறது என்பதை வரவு செலவுகளோடு ஆராய்ந்த அவரது பெருநூல் 1920இல் வந்தது. அது எடுத்துக்கொண்ட களம் ஆபிரிக்கா, இலங்கையன்று.