ஒரு டாலர் மின்னூலில் 33 சென்ட் எங்கே போகிறது?

அமெரிக்காவில் ஒருவர் தன் மின்னூலை 1 டாலருக்கு விற்கிறார். பணம் வசூலித்துத் தருவது ஸ்ட்ரைப். இணையத்தில் கார்டு மூலம் வரும் தொகைக்கு அதன் வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்டும். கணக்குப் போட்டால் 33 சென்ட் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு போயே போய்விட்டது. அவரே 50 டாலருக்கு ஒரு வீடியோ பாடம் விற்றால் கழிவது 1.75 டாலர், அதாவது 3.5 சதவீதம்தான்.

ஏன் இப்படி? கார்டு கொடுத்த வங்கி, விசா போன்ற வலையமைப்பு, இடையில் நிற்கும் கட்டண நிறுவனம் என ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் பலருக்குப் பங்கு உண்டு. தொகை சிறியது என்பதற்காக அந்தச் செலவு முழுவதும் சுருங்கிவிடாது. எனவே மலிவான பொருளை விற்பவர் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, அந்த 30 சென்டை. சிறு நூல்கள் ஐந்தாறைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பது இதனால்தான் கட்டுப்படியாகிறது.

வரி இன்னும் பெரிய தலைவலி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், விற்பவர் எங்கிருந்தாலும், தனிநபர் வாங்கும் மென்பொருளுக்குப் பொதுவாக வாங்குபவரின் நாட்டு வரிதான்: ஜெர்மனியில் 19 சதவீதம், ஹங்கேரியில் 27. வசூல் சேவையை மட்டும் எடுத்தால் அதைக் கட்டும் பொறுப்பு விற்பவர் தலையில். பேடில் போன்றவை சட்டப்படி தாமே விற்பனையாளராக நின்று வரியையும் கட்டிவிடும்; கட்டணம் 5 சதவீதமும் 50 சென்டும். பல நாடுகளுக்கு விற்பவருக்கு அது நியாயமான விலை என்றே சொல்வேன்.

கடைசியாக, ‘நான் வாங்கவில்லை’ என்று வங்கியில் புகார் வந்தால் காட்டுவதற்குக் கூரியர் ரசீது கிடையாது. பதிவிறக்கிய நேரம், ஐபி முகவரி இரண்டையும் பதிந்து வைக்கும் சேவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.