துணையும் பேறும்: மகப்பேற்று ஆயத்தத்தில் தமிழ் மரபும் இன்றைய பேறுகால அறையும் (உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

மகப்பேற்றுக்கு மனத்தையும் உடலையும் ஆயத்தப்படுத்துதல் இன்று மருத்துவ அறிவுரையின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது. தமிழ் மரபில் அவ்வாயத்தம் சொற்களிலும் சடங்குகளிலும் உறவுமுறைகளிலும் பொதிந்திருந்தது. வலியை அகற்றுவதைக் காட்டிலும், பேறுகாலத்தில் பெண்ணைத் தனியே விடாதிருப்பதே அம்மரபின் முதன்மை நோக்கம் என்பது இக்கட்டுரையின் கருத்து. பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தபோது உயிர்க்காப்பு பெருகியது; துணை குறைந்தது. அத்துணையை மீட்பதற்கு இன்றுள்ள வாய்ப்புகளை இலக்கியம், கல்வெட்டு, வழக்காறு, நலவாழ்வுப் புள்ளிவிவரம் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சூல், வயா, புனிறு, வலி, வளைகாப்பு, மருத்துவச்சி, பேறுகாலத் துணை.

1. முன்னுரை

முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் அறியப்படும் உத்திரமேரூருக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகிறது. பதினைந்து நோயாளிகள் படுத்திருந்து பண்டுவம் பெறுவதற்கு அங்கே இடம் இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவைப் பண்டுவம் செய்வோர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என அதன் பணியாளர்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளனர். சாலையில் இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

இத்துணை நுணுக்கமான பட்டியலில் பேறு பார்ப்பதற்கெனத் தனிப் பணியாளர் எவரும் சுட்டப்படவில்லை. இதனை ஒரு குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பேறு நோயாகக் கருதப்படவில்லை. அது வீட்டிற்கும் சுற்றத்திற்கும் உரிய நிகழ்வாக இருந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். கல்வெட்டு சொல்லாது விட்ட அந்த ஆயத்தம் எங்கே, எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய இலக்கியத்தையும் வழக்காற்றையும் நாட வேண்டியுள்ளது.

2. இலக்கியம் காட்டும் சூலும் சுற்றமும்

பேறு சார்ந்த நிலைகளைத் தமிழ் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்தியுள்ளது. தொல்காப்பிய உரியியல் ‘வயா’, ‘புனிறு’ ஆகிய இரண்டு சொற்களுக்கும் பொருள் கூறுகிறது. முன்னது மிகுந்த வேட்கையையும், பின்னது ஈன்ற அண்மைக்காலத்தையும் குறிப்பன. கருவுற்ற பெண்ணின் விருப்பமும், ஈன்றவளின் நொய்ந்த நிலையும் இலக்கணம் விளக்கவேண்டிய அளவிற்குத் தனிப்பொருளாகக் கருதப்பட்டன என்பது இதனால் பெறப்படும். ‘வயா’ இன்று வழக்கில் மசக்கை எனப்படுகிறது. எனினும் சூலுற்றவள் கேட்டதைக் கொடுக்கவேண்டும் என்னும் கடப்பாடு மாறவில்லை.

குறுந்தொகை 287ஆம் பாடலில், நீர் நிறைந்து தம்முள் கூடிக் குன்றை நோக்கிச் செல்லும் மேகங்களுக்குப் புளிச்சுவையை விரும்பும் நிறைசூல் மகளிர் உவமையாகின்றனர். நடையின் தளர்ச்சியும் நிறைவின் பெருமிதமும் ஒருசேர அமைந்த உவமை இது. நற்றிணை 370ஆம் பாடலில் தலைவன், புதல்வனை ஈன்ற தலைவியை நினைந்து பாணனிடம் பேசுகிறான். சூல்முதிர்ந்த அவளைப் ‘கடும்பு’ சூழ்ந்தவளாக அப்பாடல் காட்டுகிறது. கடும்பு என்பது சுற்றம். நெய்யும் ஐயவியும் அங்கே இடம்பெறுகின்றன; ஆயினும் பேற்றினை நோக்கியிருக்கும் பெண்ணுக்குரிய முதல் அடையாகச் சுற்றமே நிற்பது கருதத்தக்கது.

இக்கருத்தின் எதிர்முகத்தைத் திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் தொன்மம் காட்டுகிறது. காவிரியில் வெள்ளம் பெருகியதால் மகளின் பேற்றுக்கு வந்துசேர இயலாது தாய் அக்கரையில் நிற்க, இறைவன் அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது அத்தலவரலாறு. இறைவன் வலியை நீக்கினான் என்று கதை அமையவில்லை. இல்லாத தாயின் இடத்தை நிரப்பினான் என்றே அமைந்துள்ளது. பேறுகாலத்தில் மரபு பெரிதும் அஞ்சியது துணையின்மையையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. ‘வலி’ என்னும் சொல்

தமிழில் ‘வலி’ ஆற்றலையும் குறிக்கும்; நோவையும் குறிக்கும். திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் அச்சொல் ஆற்றல் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. பிள்ளைவலி, இடுப்புவலி என்னும் வழக்குகளில் அதுவே நோவாகிறது. இவ்விரு பொருளும் மக்கள் மனத்தில் முற்றிலும் பிரிந்துவிடவில்லை. மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், 1990களில் சென்னையிலும் அதன் தெற்கேயுள்ள கானாத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் கள ஆய்வு செய்து 2003இல் வெளியிட்ட நூலில், பேற்று வலியைப் பெண்கள் சக்தியோடு இணைத்துப் பேசியதைப் பதிவு செய்துள்ளார்.

ஆயினும் அதே நூல் மற்றொன்றையும் காட்டுகிறது. வலியை விரைவுபடுத்தும் ஊசியைப் பெண்கள் விரும்பியேற்ற சூழலில், வலியைத் தாங்குவதே பெருமை என்னும் கருத்து அவ்வேற்புக்குத் துணைநின்றது. எனவே மரபுச்சொல்லின் பெருமையை மட்டும் கூறி அமைதல் ஆய்வாளர்க்குப் பொருந்தாது. வலி ஆற்றல் என்னும் கருத்து பெண்ணுக்கு மனவுறுதி தரலாம். அவள் வேதனையைப் பிறர் பொருட்படுத்தாதிருப்பதற்குக் காரணமாகவும் ஆகலாம். எது நிகழும் என்பது உடனிருப்போரைப் பொறுத்தது.

உண்மை வலியைப் பொய்வலியினின்று பிரித்தறியும் வழக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. நாள் நிறையுமுன் தோன்றும் வலியைச் ‘சூட்டுவலி’ என்பர். சீரகமோ சுக்கோ இட்டுக் காய்ச்சிய நீரைக் கொடுத்துச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பர். வலி தணிந்தால் சூட்டுவலி. விட்டுவிட்டு வந்து மிகுந்தால் பிள்ளைவலி. இதில் கஷாயத்தின் மருத்துவப் பயனைக் காட்டிலும், அச்சத்தோடு விரைந்தெழாமல் ஒரு பெரியவள் அருகிலிருந்து கவனிக்கும் அந்த இடைப்பொழுதே பெரும்பயன் உடையது எனலாம். நீர்க்குடம் உடைதல், குருதி காணுதல், தலைவலியோடு பார்வை மங்குதல் ஆகியவற்றில் இக்காத்திருப்புக்கு இடமில்லை என்பதையும் உடன் கூறவேண்டும்.

4. வளைகாப்பும் உடலின் ஆயத்தமும்

வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நிகழ்கிறது. வேப்பங்காப்பும் கண்ணாடி வளையல்களும் அணிவித்து, சந்தனம் பூசி, புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு முதலிய கலவைச் சோறுகளை ஊட்டி, முதற்பேறாயின் தாய்வீட்டிற்கு அழைத்துச்செல்வர். வளையலோசை கருவிலுள்ள குழந்தையை எட்டும் என்று கூறும் விளக்கம் இன்று பரவலாக உள்ளது. ஆனால் சடங்கின் அமைப்பை நோக்கினால் அதன் நோக்கம் பெண்ணையே மையமாகக் கொண்டது புலனாகும். வளையல் அணிவிக்கும் மகளிருள் முன்னிற்போர் முன்னரே பெற்றெடுத்தோர். ஒருவர்பின் ஒருவராக அவள் கையைப் பிடிக்கின்றனர். இக்கடலை நாங்கள் கடந்தோம், நீயும் கடப்பாய் என்னும் உறுதியைச் சொல்லின்றியே அச்செயல் தருகிறது.

தாய்வீட்டிற்குச் செல்லுதல் உடலுக்கும் ஓய்வளித்தது. வயல்வேலையும் வீட்டுவேலையும் ஒருங்கே சுமக்கும் இவ்வட்டாரப் பெண்ணுக்கு, நினைத்தபோது உண்டு உறங்கக்கூடிய காலம் அதுவே. அதேவேளையில் முழு ஓய்வும் பரிந்துரைக்கப்படவில்லை. நடத்தல், குந்தியமர்ந்து சிறுவேலை செய்தல் ஆகியன ‘பிள்ளை இறங்க’ உதவும் எனப் பெரியோர் கூறுவர். மருத்துவர் தடை கூறாத நிலையில் கருவுற்ற பெண் நாள்தோறும் நடப்பது நன்று என்பதும், வலியெடுத்த பின் படுத்தே கிடக்காமல் நடமாடுவதும் நிமிர்ந்த நிலையில் இருப்பதும் ஏற்றவை என்பதும் இன்றைய மருத்துவமும் ஏற்பனவே.

மனத்திற்கும் உடலுக்குமான இத்தொடர்பை இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் வெளியிட்ட இயற்கைப் பேறு பற்றிய நூலில் விளக்கினார். அச்சம் உடலை இறுகச் செய்கிறது. இறுக்கம் வலியை மிகுவிக்கிறது. வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்பது அவர்தம் கருத்து. அச்சம் மிகும்போது அட்ரினலின் மிகுந்து, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினின் செயலுக்கு இடையூறாகக்கூடும் என்பது இதற்குரிய உடலியல் விளக்கம். இச்சுழலை அறுப்பதற்கு மூச்சுப்பயிற்சியும் தளர்வுப்பயிற்சியும் மேலைநாடுகளில் வகுப்புகளாக வளர்ந்தன. தமிழ் மரபு அதற்கு உறவையே கருவியாகக் கொண்டது.

5. மருத்துவச்சியிடமிருந்து மருத்துவமனைக்கு

வீட்டுப்பேற்றின் நடுவில் இருந்தவர் மருத்துவச்சி. நாவிதப் பணி செய்த மருத்துவர் சமூகத்துப் பெண்கள் இப்பணியைச் செய்துவந்ததை எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பும் குறிக்கிறது. உயிர் காக்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. அதற்குரிய மதிப்பைச் சமூகம் அவர்களுக்குத் தரவில்லை. தீட்டு என்னும் கருத்தால், ஈன்றவளும் காற்றோட்டமற்ற மூலையில் ஒதுக்கப்பட்டாள். மரபைப் போற்றுவோர் இவ்விரண்டையும் மறைத்தல் கூடாது.

மரபின் எல்லை எங்கே முடிந்தது என்பதற்கு, இவ்வட்டாரத்திற்குத் தெற்கேயுள்ள திண்டிவனம் 1890களில் சான்றாயிற்று. பேற்றில் இடர்ப்பட்ட மூன்று பெண்களுக்கு ஓரிரவில் உதவி தேடி வந்தோர், ஆண் மருத்துவரை ஏற்க மறுத்தனர், மூவரும் இறந்தனர். அந்நிகழ்வே ஐடா ஸ்கடரை மருத்துவம் பயிலத் தூண்டி, பின்னர் வேலூர் மருத்துவமனைக்கு வித்திட்டது. சுற்றம் சூழ்ந்திருந்தும் உயிர் காக்க இயலாத இடம் உண்டு என்பதை அவ்விரவு உணர்த்துகிறது.

பின்வந்த நூற்றாண்டில் நிலை பெரிதும் மாறியது. கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டம், 2008 முதல் 108 அவசர ஊர்தி ஆகியன இம்மாற்றத்தில் பங்குகொண்டன. 2001–03இல் தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 134ஆக இருந்த பேறுகாலத் தாய் இறப்பு, 2018–20இல் 54ஆகக் குறைந்தது. அப்போது இந்திய அளவு 97. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகப் பேறுகளுள் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. இதனைக் குறைத்து மதிப்பிடும் எந்த ‘இயற்கை’ வாதமும் ஏற்கத்தக்கதன்று.

ஆயினும் அதே ஆய்வு, அறுவைப்பேறு 44.9 விழுக்காடு என்றும் காட்டுகிறது. நான்காம் ஆய்வில் (2015–16) அது 34.1ஆக இருந்தது. அரசு நிலையங்களில் 36.0, தனியார் நிலையங்களில் 63.8 என இவ்வளவு வேறுபடுவதைத் தாயின் உடல்நிலை ஒன்றைக்கொண்டே விளக்குதல் கடினம். பெண் பேற்றினை எவ்வாறு எதிர்கொள்கிறாள், அவளோடு யார் இருக்கிறார், காத்திருப்பதற்கு நிலையம் இடம்தருகிறதா என்னும் வினாக்கள் இங்கே எழுகின்றன.

6. துணையின் மீள்வரவு

பேறு மருத்துவமனைக்குச் சென்றபோது, தாய் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். தாயுமானவர் கதையில் வெள்ளம் செய்ததைக் கதவு செய்தது எனலாம். தமிழக அரசு 2004இல் அரசு மருத்துவ நிலையங்களில் பேறுகாலத் துணைவரை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது இவ்வகையில் பண்பாட்டு முதன்மையும் உடையது. இத்தகைய துணையின் பயன் ஆய்வுகளாலும் உறுதிப்பட்டுள்ளது. 17 நாடுகளில் 15,858 பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்த துணை பெற்ற பெண்களிடையே இயல்பான பேறு மிகுதி, அறுவைப்பேறு குறைவு, வலிநேரம் குறைவு என்னும் முடிவுகளை முன்வைத்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகள் ‘நேர்மறையான மகப்பேற்று அனுபவம்’ என்பதையே இலக்காகக் கொண்டன. பெண் தானே தேர்ந்த துணைவர், மதிப்பான நடத்துமுறை, தெளிவான உரையாடல், நடமாட உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். நம் வழக்கிலுள்ள ‘சுகப்பிரசவம்’ என்னும் சொல்லை இதனோடு ஒப்பிடலாம். அச்சொல் குழந்தை வந்த வழியை மட்டுமே சுட்டுகிறது. தாய் உற்ற அனுபவத்தைச் சுட்டுவதில்லை. ஏச்சும் தனிமையும் அச்சமும் சூழ நிகழ்ந்த பேறும் நம் வழக்கில் ‘சுகம்’ ஆகிறது. தக்க காரணம் கூறி, கைப்பற்றி ஆறுதல் தந்து செய்யப்பட்ட அறுவைப்பேறு அவ்வாறு ஆவதில்லை. இதனால் அறுவை வழி ஈன்ற பெண் தான் தோற்றதாக வருந்தும் நிலையும் உண்டாகிறது. ஆயத்தம் என்பது குறிப்பிட்ட வழியைப் பெறுவதற்கான தேர்வுப்பயிற்சி ஆகாது. எவ்வழி நேரினும் அஞ்சாதிருக்கச் செய்வதே அதன் பயன்.

7. முடிவுரை

வளைகாப்பை அரசும் கைக்கொண்டுள்ளது. அங்கன்வாடிகளின் வழியே நடைபெறும் சமுதாய வளைகாப்பில் வளையலும் கலவைச் சோறும் உணவு அறிவுரையும் இடம்பெறுகின்றன. வீட்டில் வளைகாப்பு செய்ய இயலாத குடும்பத்துப் பெண்ணும் அங்கே சிறப்புப் பெறுகிறாள். இக்கட்டுரையின் ஆய்வு சரியாயின், அந்நிகழ்வில் இன்னும் ஒருவருக்கு இடமளிக்க வேண்டும். அவர், பேறுகால அறைக்குள் உடன்செல்லப்போகும் துணைவர்; தாயோ மாமியாரோ அக்காளோ, அப்பெண் தேர்பவர் எவராயினும் ஆகலாம்.

அவருக்குக் கற்பிக்க வேண்டியவை சிலவே: வலியின் இடையில் மெல்ல மூச்சுவிடச் செய்தல், இடுப்பைத் தடவிக்கொடுத்தல், நடக்கவும் நீர் அருந்தவும் உதவுதல், ஆபத்தின் அறிகுறியை உடனே செவிலியரிடம் கூறுதல், ‘கத்தாதே’ என்னாது ‘நான் இருக்கிறேன்’ எனல். திருமுக்கூடல் கல்வெட்டு சாலையின் மருந்துகளைப் பெயர்சொல்லி எழுதிவைத்தது. நம் பேறுகால அறைகளின் பட்டியலில் மருந்தும் கருவியும் இருப்பது போலவே, கடும்பும் பெயர்சொல்லி இடம்பெற வேண்டும். சங்கப் புலவர் சூல்முதிர்ந்தவளைச் சுற்றம் சூழ்ந்தவளாகக் கண்டதற்கு இன்று நாம் தரக்கூடிய தக்க உரை அதுவே.